முட்டத்து முடிச்சு

வக்கீல்கள் பொய் பேசிப் பிழைப்பவர்கள் என்று ஊரார் சொல்வதுண்டு. முப்பத்தைந்து வருஷ காலம் கறுப்புக் கோட்டு அணிந்து கோர்ட்டுப் படி ஏறியவன் என்ற முறையில் அந்த அபவாதத்தை நான் மறுக்கிறேன். வக்கீல் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? அந்தச் சிரமத்தைச் சாக்ஷிகள் பார்த்துக் கொள்கிறார்கள்! வக்கீல் செய்யக்கூடிய பாவம் வேறு. வாஸ்தவமான சங்கதிகளையே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அவற்றின் மேல் ஒரு பொய்யான முடிவைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அது. செங்கல் ஒவ்வொன்றும் நன்றாகச் சுட்டெடுத்த செங்கல். சுவர் மட்டும் கோணல். இடிந்து விழும்போது கீழே நிற்பவன் கட்டியவன் அல்ல என்பதுதான் இதில் உள்ள விசேஷம்.

அப்படிப்பட்ட சுவர் ஒன்றை நான் 1982-ஆம் வருஷத்தில் கட்டினேன். அதன் கீழே நின்றவன் முட்டத்தைச் சேர்ந்த ஒரு மீனவன். சென்ற தை மாதத்தில் ஒருநாள், நாகர்கோவிலிலிருந்து முட்டத்துக்கு பஸ் ஏறியபோது என் மடியில் இருந்தது அந்தக் கடன்தான்.

முட்டத்தைப் பார்த்திராத வாசகர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். தென்னந் தோப்புகளைக் கடந்ததும் செம்மண் மேடுகள். மேட்டுக்கு அப்பால் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் கரும்பாறைகள். பாறைகளின்மேல் ஓயாமல் மோதி வெண்ணுரையாய்ச் சிதறும் கடல். மேட்டின்மேல் வெள்ளையர் காலத்துக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மாதா கோயில் மணி ஒரு பக்கம், மீன் ஏலம் விடும் குரல் ஒரு பக்கம். சினிமாக்காரர்கள் இந்தப் பாறைகளைப் படம் பிடித்து நாடெங்கும் காட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் பாறைகளுக்குப் பின்னால் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஸ்திரீகளை அவர்கள் படம் பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. என் கதை அவர்களுடைய விரல்களில் இருக்கிறது.

அப்போது நான் சர்க்கார் தரப்பில் வழக்கு நடத்தும் இளம் வக்கீல். ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலை. கரையில் காயப் போட்டிருந்த நைலான் வலை ஒன்று ஓரிரவில் களவு போயிற்று. மூன்றாம் நாள் போலீஸார் ஒரு குடிசையில் அதுபோன்ற வலையைக் கண்டெடுத்தார்கள். வலைக்குச் சொந்தக்காரர் கூண்டில் ஏறி, "என் வலை கிழிந்த இடங்களைப் பச்சை நூலால் பொத்தியிருந்தேன், இரட்டை முடிச்சுப் போட்டிருந்தேன்" என்று சத்தியம் செய்து சொன்னார். குடிசையில் கிடைத்த வலையிலும் பச்சை நூல். அதிலும் இரட்டை முடிச்சு. போதாதற்கு, போலீஸாரைக் கண்டதும் குடிசைக்காரன் ஓட்டம் பிடித்திருந்தான்.

அவனுக்கு வக்கீல் வைக்க வசதி கிடையாது. கைகளைக் கட்டிக்கொண்டு அவனே சொன்னான்: "எஜமானே, எங்கள் கரையிலே எல்லாரும் பச்சை நூலுதான் வாங்குவோம். எல்லாரும் இந்த முடிச்சுதான் போடுவோம். இது என் வலை."

நான் எழுந்தேன். "கனம் கோர்ட்டாரவர்களே! கள்ளன் வேறு என்ன சொல்வான்?" என்றேன். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. "நிரபராதியாக இருந்தால் ஏன் ஓடினான்?" என்றேன். தலைகள் அசைந்தன. அவனுக்கு மூன்று மாதத் தண்டனை கிடைத்தது. அன்று மாலை எனக்குச் சிற்றுண்டி வழக்கத்தைவிட ருசியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் கழித்து, வலைக்குச் சொந்தக்காரர் வேறொரு காரியமாக என்னைப் பார்க்க வந்தார். போகும்போது வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்தி, "சார், அந்த வலையை எடுத்தது என் தங்கை மகன்தான். வேறு துறையிலே விற்றிருந்தான், இப்பத்தான் வெளியாச்சு. குடும்ப விஷயம், விட்டுடுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். தண்டனைதான் அனுபவித்தாகிவிட்டதே, இனிக் கிளறி என்ன லாபம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானம் நாற்பது வருஷம் உழைத்தது. நல்ல சரக்கு!

*

நான் செய்த பிழை என்ன என்பதை வாசகர்கள் கண்டுகொண்டிருப்பார்கள். களவு போன வலைக்குப் பச்சை நூல் உண்டு. இந்த வலைக்கும் பச்சை நூல் உண்டு. ஆகவே இது அந்த வலையே. பசுவுக்கு நான்கு கால், நாற்காலிக்கும் நான்கு கால் என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையும் சிரிப்பான். கோர்ட்டில் அதையே கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால் தலையசைப்பார்கள்.

இந்தப் பிழையை நம்முடைய முன்னோர்கள் அறியாமல் இல்லை. சாத்தனார் மணிமேகலையில் ஒரு காதை முழுவதையும் தர்க்கத்துக்கு ஒதுக்கி, போலி நியாயங்களைப் பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று இனம் பிரித்துத் தந்திருக்கிறார். ஏதுப் போலியில் ஒரு வகைக்கு அநைகாந்திகம் என்று பெயர். காட்டும் காரணம் ஒரே பக்கத்தில் நில்லாமல் எதிர்ப் பக்கத்துக்கும் போய்விடுவது என்பது அதன் கருத்து. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று ஒருவன் சொன்னால், குடம் அறியப்படுகிறது, அது அழிகிறது, ஆகாசமும் அறியப்படுகிறதே, அது அழிகிறதா என்று கேட்க வேண்டும். அழிவதற்கும் அழியாததற்கும் பொதுவாக இருக்கும் அடையாளத்தைக் கொண்டு ஒன்றையும் நிலைநாட்ட முடியாது. கள்ளன் வலைக்கும் நல்லவன் வலைக்கும் பொதுவான முடிச்சைக் கொண்டு நான் ஒருவனைச் சிறைக்கு அனுப்பினேன்.

தமிழ்நாட்டின் மிகப் பெரிய வழக்கும் இதே பிழையால் கெட்டதுதான். பாண்டிமாதேவியின் சிலம்பு காணவில்லை. கோவலன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. ஆகவே கோவலன் கள்வன். காவலர்களுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்றார்கள். அப்போது பொற்கொல்லன் என்ன செய்தான்? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுடைய எட்டுத் துணைகளையும் ஒப்பித்து, பெரிய கள்வன் இப்படித்தான் இருப்பான் என்று சாதித்தான். அந்த வாதத்தின் கொடுமையை யோசித்துப் பாருங்கள். முகத்தில் கள்ளத்தனம் இருந்தால் கள்வன். இல்லாவிட்டால் கைதேர்ந்த கள்வன்! எந்த விடை சொன்னாலும் குற்றவாளியாக்கும் கேள்வி கேள்வியே அல்ல. "கள்ளன் வேறு என்ன சொல்வான்?" என்று நான் கேட்டது அந்தப் பொற்கொல்லனுடைய குரலில்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

கண்ணகி செய்தது என்ன? அவள் கோபக்காரி என்று மட்டும் நினைக்கிறோம். அவள் சிறந்த வழக்கறிஞரும் ஆவாள். இரண்டு சிலம்புக்கும் பொதுவான அடையாளத்தை அவள் பேசவில்லை. வித்தியாசமான அடையாளத்தைக் கேட்டாள். அரசியின் சிலம்பில் பரல் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், வழக்குத் தீர்ந்தது. ஆனால் கோவலன் பிழைத்து வரவில்லை.

சட்டமும் இதை அறியாததல்ல. திருட்டுப் போனவுடனே திருட்டுப் பொருளை வைத்திருப்பவன் அதற்குக் கணக்குச் சொல்லாவிட்டால், அவனே திருடினான் அல்லது திருட்டென்று தெரிந்து வாங்கினான் என்று நியாயாதிபதி ஊகிக்கலாம் என்று 1872-ஆம் வருஷத்து இந்திய சாக்ஷியச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு உதாரணம் காட்டியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதீய சாக்ஷ்ய அதினியத்தில் அது 119-ஆம் பிரிவு. ஊகிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஊகித்தே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. அதைவிட முக்கியம், அகப்பட்டது திருட்டுப் பொருள்தான் என்பது முதலில் ருஜுவாக வேண்டும். நானோ, எதை ருஜுப்பிக்க வேண்டுமோ அதையே ருஜுவாக வைத்துக்கொண்டு வாதத்தை ஆரம்பித்தேன். ஓடினான் என்பதும் அப்படியே. கள்ளனும் ஓடுவான், போலீஸைக் கண்டு பயந்த ஏழையும் ஓடுவான். ஓட்டம் மட்டும் குற்றத்துக்கு அத்தாட்சியாகாது என்று நம் கோர்ட்டுகள் எத்தனையோ தரம் சொல்லியிருக்கின்றன.

சந்தர்ப்ப சாக்ஷியத்தை மட்டும் கொண்டு தண்டிப்பதாயிருந்தால், குற்றம் செய்தான் என்பதைத் தவிர வேறு எந்த ஊகத்துக்கும் அந்தச் சாக்ஷியம் இடம் தரலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டார் 1952-இலேயே ஹனுமந்த் வழக்கில் தீர்த்திருந்தார்கள். 1984-இல் சாரதா வழக்கில் அதையே ஐந்து விதிகளாக வகுத்து, பஞ்சசீலம் என்று பெயரும் வைத்தார்கள். என் வழக்கு 1984-க்கு முந்தியது என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியில்லை. ஹனுமந்த் வழக்கை நான் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருந்தேன்.

சுசீந்திரம் கோயிலில் ஒருகாலத்தில் கைமுக்கு என்ற வழக்கம் இருந்தது. ஒழுக்கம் தவறியதாகச் சந்தேகிக்கப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் சொல்லி, கை வெந்தால் குற்றவாளி என்று தீர்ப்பார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அது நின்றுபோயிற்று. சட்டக் கல்லூரியில் நாங்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பச்சை நூலைக் கொண்டு தீர்ப்பு வாங்கிய நான் எந்த வகையில் மேல் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

*

இத்தனை காலம் தூங்கிய மனசு ஏன் விழித்தது என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் கடலில் நடந்த மற்றொரு வழக்கு.

2012 பிப்ரவரி 15-ஆம் தேதி, கேரளக் கரைக்கு அப்பால் 20.5 கடல் மைல் தூரத்தில் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடி விசைப்படகு போய்க்கொண்டிருந்தது. அவ்வழியே 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் வந்தது. கடற்கொள்ளையருக்கு அஞ்சி அதில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் காவல் இருந்தார்கள். அவர்களில் இருவர் சுட்டதில் படகிலிருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை இளைஞர். படகு தங்களை நோக்கி வந்தது, கொள்ளையர் என்று எண்ணினோம், எச்சரிக்கை செய்தோம் என்று கப்பல் தரப்பில் சொல்லப்பட்டது. அப்படி ஒரு எச்சரிக்கையும் தங்களுக்குத் தெரியாது என்று படகுக்காரர்கள் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் சோமாலியக் கொள்ளையர் பயம் அரபிக் கடலில் வாஸ்தவமாகவே இருந்தது. ஆகையால் சுட்டவர்களின் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அந்த வாதத்தின் எலும்பைப் பாருங்கள். கொள்ளையர் சிறு படகில் வருவார்கள். இவர்கள் சிறு படகில் வந்தார்கள். ஆகவே இவர்கள் கொள்ளையர். கொள்ளையனுக்கும் மீனவனுக்கும் சிறு படகு பொது அல்லவா? பத்திரிகையில் அதைப் படித்தபோது என் கண்முன் பச்சை நூல் வந்து நின்றது.

அப்பால் வழக்கு கோர்ட்டுக் கோர்ட்டாக நடந்தது. ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றி அல்ல. யார் விசாரிப்பது என்பதைப் பற்றி! கரையிலிருந்து 12 கடல் மைல் வரையில்தான் நாட்டின் கடல் எல்லை. அதற்கு வெளியே நடந்ததை விசாரிக்கக் கேரள ராஜ்யத்துக்கு அதிகாரமில்லை, மத்திய சர்க்கார் தனிக் கோர்ட்டு அமைக்க வேண்டும் என்று 2013 ஜனவரி 18-இல் சுப்ரீம் கோர்ட்டார் சொன்னார்கள். சர்வதேசக் கடற் சட்டத்தின் 97-ஆம் ஷரத்தின்படி, கப்பல் மோதல் முதலான பிரயாண விபத்துக்களில் கப்பலின் கொடிக்குரிய நாடோ, குற்றஞ் சாட்டப்பட்டவரின் சொந்த நாடோதான் அவரை விசாரிக்கலாம். இதுவும் அத்தகைய சம்பவமே என்று இத்தாலியின் வக்கீல்கள் வாதித்தார்கள். துப்பாக்கியால் சுடுவது பிரயாண விபத்தாகாது என்று சுப்ரீம் கோர்ட்டார் மறுத்துவிட்டார்கள். ஒரு சொல்லை அதன் இடத்திலிருந்து பெயர்த்து வேறு இடத்தில் நடும் இந்த வித்தைக்கு நியாய சாஸ்திரத்தில் சலம் என்று பெயர். 'நவ கம்பளம்' என்றால் புதுக் கம்பளி, நவம் என்பதற்கு ஒன்பது என்றும் அர்த்தம் இருப்பதால், "உன்னிடம் ஒன்பது கம்பளி எங்கே?" என்று மடக்குவது பழைய உதாரணம்.

2015-இல் விவகாரம் சர்வதேச மத்தியஸ்த சபைக்குப் போயிற்று. அந்தச் சபையார் 2020 மே 21-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார்கள். இந்தியப் படகின் கடற் பிரயாண சுதந்திரத்தை இத்தாலி மீறியது, ஆகையால் நஷ்டஈடு தரவேண்டும் என்பது ஒரு பாகம். வீரர்கள் ராஜாங்க உத்தியோகஸ்தர்கள் என்ற முறையில் விலக்குரிமை பெற்றவர்கள், இந்தியா அவர்களை விசாரிக்கலாகாது என்பது மற்றொரு பாகம்; இதற்கு மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. இத்தாலி பத்துக் கோடி ரூபாய் செலுத்தியது. இறந்த இருவரின் குடும்பத்தாருக்கும் நான்கு கோடி வீதம், படகுக்காரருக்கு இரண்டு கோடி. 2021 ஜூன் 15-இல் சுப்ரீம் கோர்ட்டார் வழக்கை முடித்துவைத்தார்கள். 2022 ஜனவரியில் ரோமாபுரி நீதிபதி ஒருவரும் அங்கிருந்த விசாரணையை மூடினார்.

ஆக, அந்தச் சிறு படகைப் பார்த்து அப்படி முடிவு செய்தது நியாயந்தானா என்ற கேள்வி, சாக்ஷிகளைக் கூண்டில் ஏற்றி முழு விசாரணையாக எங்கும் கேட்கப்படாமலே போயிற்று.

*

முட்டத்தில் நான் தேடிப்போனவர் இல்லை. அவருடைய மனைவி பாறை நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுபதை எட்டும் வயது. நான் யார் என்று சொன்னேன். அவருடைய வலை ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடிற்று.

"அவிய போயி எட்டு வருசமாச்சு சார். இரியுங்க" என்றார்.

நான் மணலில் உட்கார்ந்தேன். வலைக்குச் சொந்தக்காரர் என் வாசற்படியில் சொன்னதைச் சொன்னேன். இத்தனை வருஷம் அதை மறைத்ததையும் சொன்னேன். சொல்வதற்கு வழியெல்லாம் அழகான வாக்கியங்கள் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அது அவியளுக்கும் தெரியும். கரையிலே எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுக்குத்தான் தெரியாது" என்றார் அந்த அம்மாள்.

மடியிலிருந்த வலையை என் பக்கம் தள்ளினார். பச்சை நூல்; இரட்டை முடிச்சு. "இத எங்கம்மா சொல்லித் தந்தது. அவியளுக்குக் கல்யாணத்துக்கப்புறம் நான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். அந்த ஊசியை வாங்கி நானும் ஒரு முடிச்சுப் போட முயன்றேன். நூல் என் விரலைச் சுற்றிக்கொண்டது. அம்மாள் மெல்ல அவிழ்த்துவிட்டார்.

சற்றுப் பொறுத்து அவரே கேட்டார்: "சார், எங்க பையனும் கொல்லம் பக்கந்தான் தொழிலுக்குப் போறான். அதனால கேக்கேன். அந்த இத்தாலிக் கப்பல் கேஸ்ல, சுட்டது தப்பில்லன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களா?"

"இல்லை அம்மா. தப்பென்றும் சொல்லவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை. விசாரிக்க நமக்கு அதிகாரமில்லை என்று மட்டும் தீர்ந்தது. விசாரிக்க முடியாது என்றால் குற்றமில்லை என்று அர்த்தமாகாது. பணம் கொடுத்தார்கள் என்பதால் வேண்டுமென்றே கொன்றார்கள் என்றும் அர்த்தமாகாது. இரண்டும் போலி நியாயம்" என்று விளக்கினேன். பழைய உத்தியோகம்; விளக்கம் என்றால் நாக்கு தானே எழுந்துவிடுகிறது.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவியள விசாரிச்சுத் தப்பாத் தீத்திய. அந்தப் பிள்ளைய செத்தத விசாரிக்கவே இல்ல. எங்களுக்கு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?" என்றார்.

வாதத்துக்கு வாதம் உடனே பதில் கொடுத்துப் பழகியவன் நான். அங்கே அலைகள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. வித்தியாசம் உண்டு என்று சட்டப் புஸ்தகம் சொல்லும். ஒன்று தீர்ப்பின் பிழை. மற்றது அதிகாரத்தின் எல்லை. ஆனால் கேட்ட அம்மாளுக்கு அது விடையல்ல. சுருட்டை விளக்குக் கம்பத்தில் கொளுத்தினாலும் அடுப்பில் கொளுத்தினாலும் எரிவது சுருட்டுத்தானே? யாராவது ஒருவர் உட்கார்ந்து, பொறுமையாக, "இந்த அடையாளம் இவனுக்கு மட்டும் உரியதா, வேறு யாருக்கும் உண்டா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் அதைக் கேட்க வேண்டிய நான் கேட்கவில்லை. மற்றோரிடத்தில் கேட்கக் காத்திருந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேட்டேன்.

"கோர்ட்டுக் கடுதாசியில அவிய பேரு கள்ளன்னு கெடக்கு. பேரப் பிள்ளையளுக்கு அது வேண்டாம். உள்ளத எழுதித் தாங்க" என்றார்.

இறந்துபோனவருடைய தண்டனையை நாற்பது வருஷத்துக்குப் பிறகு ரத்து செய்விப்பது எளிதல்ல என்று அவருக்கு ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் நான் அறிந்ததைச் சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்திட எனக்கு எந்தத் தடையும் இல்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன். 35 வருஷத்தில் எத்தனையோ பிரமாணப் பத்திரங்கள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு அடித்தல் திருத்தல் எதிலும் நேர்ந்ததில்லை. முத்திரைத்தாளில் எடுத்துக்கொண்டு மறுவாரம் முட்டத்துக்குப் போனேன்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி உரக்கப் படித்தாள். அம்மாள் வலை பொத்திக்கொண்டே கேட்டார். 'பச்சை நூலும் இரட்டை முடிச்சும் இந்தக் கடற்கரை முழுவதற்கும் பொதுவானவை. ஆகையால் அவற்றைக் கொண்டு அந்த வலையை அடையாளம் கண்டது தவறு' என்ற வாக்கியம் வந்ததும் ஊசி நின்றது.

"அது சரியில்ல சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் அம்மா?" என்றேன்.

"கரை முழுசும் இந்த முடிச்சு கெடையாது. எங்க துறையிலயும் பக்கத்து ரெண்டு துறையிலயும்தான் உண்டு. அந்தாலப் போனா வேற முடிச்சு. கூட்டிச் சொன்னா அதுவும் பொய்தான். மூணு துறைன்னே எழுதுங்க. அவியளுக்கு அது போதும்."

பேனாவை எடுத்து, 'கடற்கரை முழுவதற்கும்' என்பதை அடித்துவிட்டு, 'மூன்று துறைகளுக்கும்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.